எடுத்தாச்சோ?

சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்தவரிடம் எம்மவர் முதலிற் கேட்பது ஒன்றுதான்: "எடுத்தாச்சோ?" பித்தக்கல்லுக்கும் குடல்வாலுக்கும் இக்கேள்வி பொருந்தும். மூளையில் வந்த சாதுவான கட்டிக்குக் கமாக் கதிர்ச் சிகிச்சை பெற்றவரிடம் பொருந்தாது. அங்கே எதையும் வெட்டி எடுப்பதில்லை. கட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மண்டையோட்டைத் திறவாமல் மூளைக்குள்ளே சிகிச்சை செய்யும் இம்முறைக்கு 1951இல் பெயர் வைத்தவர் சுவீடன் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் லார்ஸ் லெக்செல். அவரது முதற்கருவி 1960களின் இறுதியில் ஸ்ரொக்கோமில் இயங்கத் தொடங்கியது. பிரித்தானியாவில் 1985இல் ஷெபீல்ட் நகருக்கு வந்தது; பின்னர் லண்டனுக்கும் வந்தது. கோபால்ற்-60 இலிருந்து புறப்படும் ஏறத்தாழ 200 மெல்லிய கதிர்கள் கட்டியில் வந்து கூடுகின்றன. தனித்தனியே அவை வழியிலுள்ள மூளையைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. கூடும் இடத்திலேதான் வலிமை. பலருக்கு விறைப்பூசி போட்டு, நான்கு திருகாணிகளால் தலையில் ஓர் உலோகச் சட்டத்தைப் பொருத்துவார்கள். கதிர் படும்போது நோவில்லை. அநேகமானோர் அன்றே அல்லது மறுநாளே வீடு திரும்புவர்.

கதிர்பட்ட கலங்கள் பெருகும் ஆற்றலை மெல்ல இழக்கின்றன. இதற்கு மாதங்கள், ஆண்டுகள் செல்லும். கேட்டல் நரம்பருகே வரும் கட்டியென்றால் பத்தில் ஒன்பது பேருக்கு அது மேலும் வளர்வதில்லை, சிலருக்குச் சுருங்கும். ஆனால் முதல் ஓரிரு ஆண்டுகளில் அது வீங்கி, ஸ்கான் படத்திற் பெரிதாகத் தெரிவதும் உண்டு. காது மெல்ல மந்தமாகலாம். ஆகவே பல ஆண்டுகளுக்கு ஸ்கான் எடுத்துப் பார்க்கவேண்டும். "கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்பதே வைத்தியர்களின் வெற்றிச் சொல்.

இச்சொல் எம் வீடுகளுக்குள் வரும்போது என்னவாகிறது? ஆங்கிலம் தெரியாத தாய் கதிரையில் இருக்கிறார்; பக்கத்தில் மகன் மொழிபெயர்க்கிறான். வைத்தியர் "வளராமற் தடுப்போம்" என்கிறார். மகன் "எல்லாம் எடுத்துப்போடுவினம், அம்மா" என்கிறான். அவன் கெட்டவன் அல்லன். போர்க்காலத்தில் தொலைபேசியிற் சாவுச் செய்திகளை மறைத்துப் பழகிய சமூகம் இது. பயம் நோயைவிடக் கொடிது, தெரிந்தால் அம்மா நித்திரை கொள்ளமாட்டா என்பது அவன் நியாயம். அந்த நியாயத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் கட்டி இருப்பது தாயின் தலைக்குள். மறுவருடம் ஸ்கானுக்குக் கடிதம் வரும்போது, "எடுத்த பிறகும் ஏன்?" என்று அவர் போகாமல் விடலாம். காது மந்தமானால் வயசு என்று பேசாமல் இருப்பார். வீக்கம் தெரிந்த நாளில் உண்மையும் தெரியவரும். அதன்பிறகு மகன் சொல்லும் ஆறுதல் எதை அவர் நம்புவார்?

2015இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் மொன்ற்கொமரி வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. நீரிழிவுள்ள கர்ப்பிணி ஒருவருக்குப் பிரசவத்திற் பிள்ளையின் தோள் சிக்கக்கூடும் என்பது முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. பிள்ளை கடும் பாதிப்போடு பிறந்தது. எந்த ஆபத்தைச் சொல்லவேண்டும் என்பதை வைத்தியரின் வழக்கத்தைக் கொண்டு அளக்கக்கூடாது, அந்த நோயாளியின் நிலையில் இருப்பவர் எதை முக்கியமெனக் கருதுவார் என்பதே அளவுகோல் என்றது நீதிமன்றம். இது வைத்தியரைக் கட்டுப்படுத்தும். இடையில் நின்று மொழிபெயர்க்கும் பிள்ளையை எந்தத் தீர்ப்பும் கட்டுப்படுத்தாது. குடும்பத்தாரை விட்டு, தேர்ந்த மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கும் வசதி இந்நாட்டு வைத்தியசாலைகளில் இருக்கிறது. அதை நம்பிக்கையீனம் என்று பிள்ளைகள் நினைக்க வேண்டியதில்லை. பிள்ளையாக மட்டும் தாயின் அருகில் இருக்க அது இடம் தருகிறது.

எடுக்கமுடியாத வருத்தத்தோடு வாழ்வது எமக்குப் புதிதல்ல. முப்பது வருடம் சீனி வருத்தத்தோடு வாழ்ந்தவரை "எடுத்தாச்சோ?" என்று நாம் கேட்பதில்லை, "எப்படி இருக்குது?" என்றே கேட்கிறோம். அதே கேள்வியைத் தலையிற் கட்டியுள்ளவரிடமும் கேட்கலாம். "அது இருக்குது அம்மா, வளராமல் வைச்சிருக்கினம், வருஷாவருஷம் பார்க்கவேணும்" என்பது தாங்கமுடியாத வசனமல்ல. ஷெல்லடிக்குள் பிள்ளைகளைக் கொண்டோடிக் காப்பாற்றிய தாய்மாருக்கு இதைத் தாங்கும் பலம் இல்லை என்று யார் தீர்மானிப்பது?