அணுக்கழிவும் இசைவின் அறமும்

பலர் துய்க்கும் பயனின் தீய எச்சத்தை ஒரு சிலர் மட்டும் சுமத்தல் நீதியாகுமா என்பது ஒழுக்கவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. அணுவியற் காலம் அவ்வினாவிற்குப் புதியதொரு வடிவத்தைக் கொடுத்துள்ளது. அணுக்கழிவு என்றதும் அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளே பலரின் நினைவிற்கு வரும். ஆயின், மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிலும் மின் நிலையங்களிலும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்களால் மாசடைந்த கையுறைகள், குழாய்கள், வடிகட்டிகள், உலோகத் துண்டுகள் ஆகியனவும் கழிவுகளே. இவை தாழ்மட்டக் கதிர்த்தொழிற்பாட்டுக் கழிவு என வழங்கப்படுகின்றன.

இப்பெயர் ஓரளவு மயக்கம் தருவது. தைரொயிட் நோய்ச் சிகிச்சைக்குப் பயன்படும் அயடீன்-131இன் அரைவாழ்வுக்காலம் 8 நாள்கள். சீசியம்-137இற்கு அது ஏறத்தாழ 30 ஆண்டுகள். தெக்னீசியம்-99இற்கோ இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்கும் மேல். சில திங்களில் அடங்கிவிடும் பொருளும் மனித வரலாற்றையே விஞ்சி நிற்கும் பொருளும் ஒரே பெயருக்குள் அடங்குகின்றன.

இத்தகைய கழிவுக்கு நாடளாவிய திட்டம் வகுக்க முற்பட்ட ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் ஆராயத்தக்கது. 1979இல் அந்நாடு முழுவதிலும் எழுந்த வணிகமுறைத் தாழ்மட்டக் கழிவைத் தென் கரோலினா, நெவாடா, வாஷிங்ரன் ஆகிய மூன்று மாநிலங்களிலிருந்த நிலையங்களே ஏற்று வந்தன. அவ்வாண்டில் நெவாடாவும் வாஷிங்ரனும் தத்தம் நிலையங்களைத் தற்காலிகமாக மூடின. தென் கரோலினா தான் ஏற்கும் அளவைக் குறைத்தது. நாட்டின் குப்பைக்கூடையாகத் தாம் மட்டும் இருத்தல் முறையன்று என்பதே அவற்றின் வாதம். இதன் விளைவாக 1980இல் காங்கிரஸ் ஒரு சட்டத்தை இயற்றியது. தன் எல்லைக்குள் எழும் கழிவுக்கு அவ்வம் மாநிலமே பொறுப்பு. மாநிலங்கள் பல கூடி உடன்படிக்கை செய்து பொது நிலையம் அமைக்கலாம் என்பதே அதன் சாரம். பயன் பெறுவோரே சுமையையும் ஏற்க வேண்டும் என்னும் நெறியில் குறைகாண்பது எளிதன்று.

எனினும் நெறி நடைமுறைக்கு வந்தபோது சிக்கல் எழுந்தது. 1985ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குறித்த காலத்துள் வழிவகை செய்யாத மாநிலம் அக்கழிவின் உரிமையாளராகவே ஆகவேண்டும். நியூயோர்க் மாநிலம் இதனை எதிர்த்து வழக்காடியது. இச்சட்டத்தை ஆக்கும் காலத்தில் அம்மாநில அதிகாரிகள் ஆதரவளித்திருந்தனர் என்பது எதிர்த்தரப்பின் வாதங்களுள் ஒன்று. ஆயின் 1992இல் நாட்டின் உயர் நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கியது. மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே அதிகாரம் பகுக்கப்பட்டிருப்பது தனிமனிதரின் பாதுகாப்புக்காகவே. ஆதலின் அதிகாரிகளின் இசைவு அப்பாதுகாப்பை விட்டுக்கொடுக்க மாட்டாது என நீதியரசர் ஓ'கொனர் எழுதிய தீர்ப்பு விளக்கியது. அரசியல் யாப்புப் பற்றிய இக்கருத்தில் ஆழ்ந்த அறக்கருத்து ஒன்றும் பொதிந்துள்ளது: ஆள்வோரின் இசைவு ஆளப்படுவோரின் இசைவாகாது.

ரெக்சாஸ் மாநிலத்தின் சியரா பிளாங்கா என்னும் சிற்றூர் இதற்குச் சான்று. மெக்சிக்கோ எல்லைக்கு அண்மையிலுள்ள அவ்வூரில் வாழ்வோருட் பெரும்பாலோர் மெக்சிக்க மரபினரான வறியோர். 1992 முதல் நியூயோர்க் நகரின் கழிவுநீர்ச் சேறு அவ்வூரின் அயலில் பரப்பப்பட்டு வந்தது. அணுக்கழிவையும் அங்கேயே புதைக்க ரெக்சாஸ் திட்டமிட்டது. தொலைவிலுள்ள மேயின், வேர்மொன்ற் மாநிலங்களும் அத்திட்டத்தில் இணைந்தன. மாநிலங்கள் மூன்றும் இசைந்தன. காங்கிரசும் 1998இல் ஒப்புதல் அளித்தது. எனினும் அதே ஆண்டில் ரெக்சாஸ் அனுமதிக் குழு உரிமம் மறுத்தது. நிலத்தடிப் பிளவும் மக்கள் வாழ்வில் ஏற்படக்கூடிய பாதிப்பும் போதியவாறு ஆராயப்படவில்லை என்பது அதன் முடிவு. மாநிலங்களுக்கிடையே நிலவும் சமன்பாடு மனிதருக்கிடையே நிலவும் நீதியாகிவிடாது என்பது இதனாற் புலனாகும்.

இங்கு ஒரு தடை எழுதல் இயல்பே. ஒவ்வோர் ஊரும் மறுத்தால் கழிவு மறைந்துவிடுமா? மறையாது. தென் கரோலினாவின் பார்ன்வெல் நிலையம் 2008இல் தன் உடன்படிக்கைக்குப் புறம்பான மாநிலங்களுக்குக் கதவடைத்தபோது, செறிவு மிக்க கழிவை மருத்துவமனைகளும் ஆய்வுகூடங்களும் தம்மிடமே வைத்திருக்க நேர்ந்தது. ஆகவே மறுப்பதும் சுமையைப் பிறர்மேல் ஏற்றும் செயலாகலாம். மிகப் பலரின் நன்மை கருதி ஒருசிலர் இழப்பை ஏற்றல் வேண்டும் எனப் பயன்வாதி கூறுவார். இவ்வாதம் வலிமையுடையது, அபாயத்தை மிகைப்படுத்தி இதனை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும் அவ்வொரு சிலர் யாவர் என்பதை வறுமையே தீர்மானிக்குமாயின், அங்கு நிகழ்வது தியாகமன்று, விற்பனையே.

ரெக்சாசின் அன்ட்றூஸ் மாவட்டத்தில் 2012இல் நிலையமொன்று இயங்கத் தொடங்கியது. அதற்கு நிதியுதவும் கடன் முறிகளுக்கு 2009இல் மாவட்ட மக்கள் வாக்களித்தனர். மூன்று வாக்குகளே வெற்றியைத் தந்தன. மக்களைக் கேட்டமை பாராட்டத்தக்கது. ஆயின் மூன்று வாக்குகளின் இசைவு, எதிர்த்து நின்ற ஏறத்தாழ பாதிப்பேரையும் பிணிக்கின்றது. பின்வரும் தலைமுறைகள் அனைத்தையும் பிணிக்கின்றது. அந்நாட்டு விதிகளே, புதைகுழியின்மேல் அரசின் கண்காணிப்பை 100 ஆண்டுகளுக்கு மேல் நம்பியிருத்தலாகாது என்கின்றன. அவ்விதிகளே, செறிவு மிக்க வகைக்கு 500 ஆண்டு நிலைக்கும் தடுப்பு வேண்டும் என்கின்றன. கண்காணிக்கும் அரசினும் காக்கப்படும் நஞ்சு நெடிது வாழும் என்பதை ஒப்புக்கொண்டே திட்டம் வகுக்கப்படுகின்றது. பிறவாதோரிடம் இசைவு கேட்க எவராலும் இயலாது.

கேட்க இயலாவிடத்து இசைவின் இடத்தைப் பொறுப்பே நிரப்புதல் வேண்டும். அயலில் வாழ்வோர் மறுக்கும் உரிமையோடு இசைதல், அம்மறுப்பினாற் பாடசாலையும் மருத்துவமும் அவர்கட்கு இல்லாமற் போகாதிருத்தல், தோற்றுவிப்போர் கழிவின் அளவைக் குறைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறாத திட்டம் இடத்தைத் தேர்ந்ததாகுமேயன்றி நீதியைத் தேடியதாகாது. இக்கடமை அரசுக்கு மட்டும் உரியதன்று. ஆய்வுகூடத்தில் கதிர்த்தொழிற்பாட்டுச் சுவடியைக் கையாண்டபின் கையுறையைக் கழற்றி எறியும் மாணவனுக்கும் அது எங்கே, எவர் நிலத்திற் சென்றடையும் என அறியும் கடமை உண்டு.