உள்ளானின் பூர்வ வாசனை

புத்தளம் களப்பின் வடபுறத்தே, கண்டல் மரங்களும் உவர்ச்சேறும் சூழக் கிடக்கும் உச்சமுனையில், மார்கழி மாதத்து வற்றுநீர் வேளையிலே, வளைந்த அலகை அடிவரை சேற்றிற் செலுத்திப் புழு தேடும் சிற்றுள்ளான்களைக் காண்பவனுக்கு, அவற்றின் பெயரறியும் ஆவலோடு தத்துவ வினாவொன்றும் உடன் எழுதல் இயல்பே.

சைபீரியாவின் வடகோடியிற் பிறக்கும் இவ்வினத்தில், தாய் தந்தையர் முன்னரே தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிட, பிறந்து சில வாரங்களேயான இளம் பறவைகள், தாம் ஒருபோதும் கண்டிராத கடற்கரைகளைப் பின்னர்த் தாமே வந்தடைகின்றன. கற்பிப்பாரின்றி வந்த இவ்வறிவு யாருடையது?

பிறந்த சிசு தாய்ப்பாலை விரும்புவதையே பூர்வஜன்மத்துக்குச் சான்றாகக் காட்டும் கௌதமரின் நியாய சூத்திரம், காந்தத்தை இரும்பு நாடுவது போன்றதே அதுவும் என்னும் ஆட்சேபத்தையும் எடுத்து ஆராய்ந்து, அந்நாட்டத்திற்கும் நியதமான காரணம் உண்டென்று விடையிறுக்கின்றது. வலசைப் பறவைகள் சூரியனையும் நட்சத்திரங்களையும் அன்றிப் பூமியின் காந்தப்புலத்தையும் உணர்ந்து திசையறிகின்றன என இக்கால விஞ்ஞானம் கூறுவதால், ஆட்சேபித்தவனுடைய உவமை பறவையின் விஷயத்தில் ஏறக்குறைய உண்மையே ஆகிவிட்டது.

ஆயினும் வழக்கு அதனோடு தீர்வதில்லை. காந்தம் திசையைக் காட்டுமேயன்றிப் 'புறப்படு' என்று ஏவாது. ஏவுகின்ற வேட்கையோ, எண்ணற்ற தலைமுறைகளின் வாழ்வும் சாவும் உடலிற் பதித்த மரபு என்பான் விஞ்ஞானி. ஓருயிரின் பல பிறவிகளில் வந்த வாசனை என்பான் பண்டைத் தார்க்கிகன். ஆன்மாவைப் பற்றி இவர்கள் எத்துணை முரண்படினும், எவ்வுயிரும் வெறுங்கையோடு பிறப்பதில்லை என்பதில் ஒருமனத்தினரே. ஆதலின், அறிவனைத்தும் தன் சுய சம்பாத்தியம் என மனிதன் செருக்குறுவதற்கு நியாயம் யாதுமில்லை.