மனுவை வாபஸ் வாங்கும் முன்...

 

சென்ற வாரம் ஒரு சகோதரர் கேட்டார்: "ஹஜ்ரத், ஜமாஅத் தேர்தலில் நிற்கிறேன். எதிரில் நிற்பவர் என்னை விலகச் சொல்கிறார். வாபஸ் வாங்கலாமா?"

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நம் நாட்டில் நீதிபதியை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் அறந்தாங்கி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று நம் ஊர்களில் வீட்டுப் பிரச்சினை, பாகத் தகராறு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் முதலில் வருவது ஜமாஅத்துக்குத்தானே? ஜமாஅத் என்பது கோர்ட் அல்ல. பள்ளிவாசலில் கோர்ட் நடத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. சமரசம் பேசலாம், அவ்வளவுதான். ஆனாலும் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து "இவர் பக்கம் நியாயம்" என்று சொல்லும் வாய்க்கு மறுமையில் கேள்வி உண்டு.

நீதி வழங்குவோர் மூன்று வகையினர், அவர்களில் இரு வகையினர் நரகத்திற்குரியவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த அச்சம்தான் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களைப் பின்வாங்க வைத்தது. கலீஃபா மன்சூர் காஜி பதவியை ஏற்கச் சொன்னார். "எனக்குத் தகுதியில்லை" என்றார்கள் இமாம். "பொய் சொல்கிறீர்" என்றார் கலீஃபா. "அப்படியானால் பொய்யன் எப்படி காஜியாக முடியும்?" என்று இமாம் திருப்பிக் கேட்டதாக வரலாற்றில் வருகிறது. சிறைக்குப் போனார்கள், பதவிக்குப் போகவில்லை. ஹிஜ்ரி 150ல் பக்தாதில் வஃபாத்தானார்கள்.

இதைக் கேட்டதும் "அப்ப ஒதுங்குறதுதான் தக்வா" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். அதே இமாமின் மாணவர் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் காஜி பதவியை ஏற்றார்கள். ஹாரூன் ரஷீத் காலத்தில் தலைமை காஜியாகவே இருந்தார்கள். உஸ்தாது மறுத்தார், மாணவர் ஏற்றார், இருவரையும் உம்மத் மதிக்கிறது. நல்லவர்கள் எல்லோரும் எழுந்து போய்விட்டால் அந்த நாற்காலி காலியாகவா இருக்கும்? யாராவது உட்காரத்தான் செய்வார்.

எதற்காக விலகுகிறோம் என்பதுதான் கேள்வி. என்னை விடத் தகுதியானவர் நிற்கிறார் என்பதற்காகவா? ஊர் இரண்டாகப் பிளக்கிறதே என்பதற்காகவா? ஹிஜ்ரி 41ல் ஹஸன் (ரலி) அவர்கள் ஆட்சியையே விட்டுக் கொடுத்தது உம்மத்தின் ரத்தத்தைக் காக்கத்தான். அது இழப்பல்ல.

ஆனால் கவர் வாங்கிக்கொண்டு விலகுவது வேறு. உள்ளாட்சித் தேர்தல் வந்தால் பதவியை ஏலம் விடுகிறார்கள் என்ற செய்தியும் கூடவே வருகிறது. 2019ல் மாநிலத் தேர்தல் ஆணையமே இதை எச்சரிக்க வேண்டி வந்தது. பொதுத் தேர்தலில் வேட்பாளர் விலகுவதற்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் லஞ்சக் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 171பி, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 170. "பள்ளிக்குத்தானே கொடுத்தேன்" என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. அல்லாஹ் பாதுகாக்கட்டும்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் நீதிபதிகளே ஓட்டில்தான் வருகிறார்கள். 2004ல் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிலக்கரிக் கம்பெனியின் தலைவர், ஒருவர் நீதிபதியாக வருவதற்காக 30 லட்சம் டாலர் செலவழித்தார். அந்தக் கம்பெனி 5 கோடி டாலர் இழப்பீடு கட்ட வேண்டிய வழக்கு அதே நீதிமன்றத்துக்கு மேல்முறையீடாக வந்தது. ஜெயித்த நீதிபதி அந்த வழக்கிலிருந்து விலக மறுத்தார். தீர்ப்பும் கம்பெனிக்குச் சாதகமாக வந்தது. அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்பளித்தது.

அந்தச் சகோதரரிடம் நான் திருப்பிக் கேட்டது இதுதான்: "விலகுங்கள், அல்லது நில்லுங்கள். ஆனால் இன்றைக்கு உங்களுக்காகச் செலவு செய்கிறவர் நாளை தன் பங்காளியோடு தகராறு என்று ஜமாஅத்துக்கு வந்தால், அந்த அமர்விலிருந்து எழுந்து போவீர்களா?"

இன்னும் பதில் வரவில்லை. அவருக்காக துஆச் செய்யுங்கள்.