விளக்கை நடுவில் வைத்தால்

மும்பைப் பக்கம் தாணேயிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடக்கும் ஞாயிற்றுக்கிழமைத் திருப்புகழ், தேவார, கீதை வகுப்புகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், எதைக் கற்பிப்பது என்பதில்தான் விவாதம் நிற்கும். எப்படி உட்கார வைப்பது என்று கேட்பவர் குறைவு. சுவாமி படத்தருகே ஆசிரியர், எதிரே ஜமக்காளத்தில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள் என்பது கேட்காமலே முடிவாகிவிட்ட ஏற்பாடு. ஆனால் அந்த ஏற்பாடே ஒரு பாடத்தை நடத்திவிடுகிறது: ஞானம் முன்னால் இருக்கிறது, அது ஒரு வாய் வழியாகத்தான் வரும் என்று. ஆங்கிலத்தில் படித்து, தெருவில் இந்தியும் மராத்தியும் பேசும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தடுமாறும். அது மெல்லப் பின்சுவரோரம் நகர்ந்து, முன்னிருப்பவர் முதுகில் மறைந்துகொள்ளும். அந்த மௌனத்தை நாம் பக்தி என்று எடுத்துக்கொள்கிறோம்.

வரிசையைக் கலைப்பது மேல்நாட்டு மோகம் என்று தோன்றலாம். 1999-இல் ஜெர்மனியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடையே செய்த ஓர் ஆய்வில், வரிசையில் இருந்ததைவிட அரைவட்டத்தில் இருந்தபோது அவர்கள் அதிகக் கேள்வி கேட்டார்கள் என்று தெரியவந்தது உண்மைதான். அந்த ஆய்வு இல்லாவிட்டாலும் நமக்கு வட்டம் புதிதல்ல. பஜனை சம்பிரதாயத்தில் திவ்யநாமத்தின்போது குத்துவிளக்கை நடுவில் வைத்து எல்லோரும் அதைச் சுற்றி வருகிறார்கள். பாகவதர்தான் எடுத்துக் கொடுக்கிறார்; ஆனாலும் எல்லோர் பார்வையும் விளக்கின் மேல், அவரும் வட்டத்தில் ஒருவர். பாட்டுக்கு இந்த அமைப்பை ஏற்ற மரபு, பொருள் பேசும் வகுப்பில் மட்டும் ஏன் அதைக் கைவிட வேண்டும்?

இதற்குப் பெரியவர்கள் சொல்லும் மறுப்பு வலுவானது. குருவின் முன் அடக்கம் வேண்டும். கேள்வி பெருகினால் சிரத்தை குறையும் என்பார்கள். நன்னூலே அவர்கள் பக்கம் சாட்சி சொல்லும். இருக்கச் சொன்னால் இருந்து, சொல்லச் சொன்னால் சொல்லி, சித்திரத்துப் பதுமைபோல் அடங்கிக் கேட்பவனே அதன் நல்ல மாணாக்கன். ஆனால் நன்னூலை எழுதிய அதே பவணந்தியார் அங்கேயே ஒரு கணக்கும் போடுகிறார். ஆசான் சொன்னதை எவ்வளவு செம்மையாகக் கொண்டாலும் கிடைப்பது காற்பங்கு. உடன் படிப்பவரோடு பழகினால் இன்னொரு காற்பங்கு. பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மிச்ச அரைப்பங்கும் வந்து சேரும். நம் வகுப்புகளோ முதல் காலோடு முடிந்துவிடுகின்றன. முன்னிருப்பவரின் பிடரியை மட்டுமே பார்க்கும் பிள்ளைக்கு உடன் படிப்பவர் என்று ஒருவர் இருப்பதே தெரியாது. கேள்வியால் சிரத்தை கெடும் என்றால் பிரச்ன உபநிடதத்துக்கே இடமில்லை. ஆறு பேர் கேட்க வருகிறார்கள். ஓராண்டு தவமிருந்து பிறகு விரும்பியதைக் கேளுங்கள், எமக்குத் தெரிந்தால் எல்லாம் சொல்வோம் என்கிறார் பிப்பலாதர். அடக்கம், கேள்வி இரண்டுக்கும் அங்கே இடம் உண்டு. ‘தெரிந்தால்’ என்று சொல்லத் துணிந்த குருவின் மதிப்பும் குறையவில்லை.

எல்லா நேரமும் வட்டம்தான் என்பதும் பிடிவாதமே. ழகரத்தையும் சந்தத்தையும் திருத்தும்போது பிள்ளைகள் ஆசிரியர் வாயைப் பார்த்தாக வேண்டும். அதற்கு எதிர்வரிசைதான் சரி. பாட்டு முடிந்து பொருளுக்கு வரும்போது இடம் மாறினால் போதும். மும்பையில் அதற்கு இடமேது என்பார்கள். மேசையும் பெஞ்சும் இல்லாத தரை இருக்கைக்கு அந்தக் கவலை குறைவு. ஜமக்காளத்தில் வட்டம் போட ஒரு நிமிஷம் ஆகுமா? இதைவிடக் கடினமான ஆட்சேபம் வேறு: வட்டமாக உட்கார வைத்துவிட்டு ஆசிரியரே ஒரு மணி நேரம் பேசினால் என்ன பயன்? பயன் இல்லைதான். வட்டம் ஒரு வாய்ப்பைத் தருகிறது. அதை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டியவர் ஆசிரியர். அதற்கு வழியும் பஜனையிலேயே இருக்கிறது. மராட்டியர் ஆண்ட தஞ்சை மண்ணில் வளர்ந்த அந்தப் பத்ததியில் துக்காராமின் மராத்தி அபங்கங்களும் பாடப்படுகின்றன. 2020 சட்டத்துக்குப் பிறகு மகாராஷ்டிரப் பள்ளிகளில் மராத்தி கட்டாயம். திருப்புகழ் எழுத்தில் தடுமாறி ஒதுங்கிய தாணேப் பிள்ளைக்கு அபங்கத்தின் சொல் புரியும். ஊரிலிருந்து வந்த ஆசிரியருக்குப் புரியாமல் போகலாம். வட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்ல அந்தப் பிள்ளையை அழைத்தால், நன்னூல் சொன்ன அரைப்பங்கு அதற்கு அங்கே தொடங்கும்.