குண்டையூர் நெல்லும் தெல்லிப்பழை அம்மையாரும்



இன்றைக்குச் சுந்தரமூர்த்தி நாயனாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவரோடு சேர்த்து எங்கள் யாழ்ப்பாண மண்ணில் வாழ்ந்த ஓர் இளைப்பாறிய ஆசிரியையையும் பேசப் போகிறேன். இவருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று நினைப்பீர்கள். கதையில் நெல் வரும், அப்போது தெரியும்.

சம்பந்தப் பிள்ளையார் இறைவனைத் தந்தையாகப் பார்த்தார். அப்பர் சுவாமிகள் ஆண்டானாகப் பார்த்தார். சுந்தரர் மட்டும் தோளிலே கைபோட்டுக்கொண்டார்! தன் கலியாணப் பந்தலுக்குள் ஓலையோடு வந்து வழக்குப் பேசிய கிழவரைப் பித்தன் என்று ஏசினார். வந்தவர் சிவபெருமானே என்று தெரிந்தபின் நடுங்கி நிற்கிறார். சுவாமியோ, "ஏசினாயே, அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடு" என்கிறார். இன்னொருமுறை, திருமுதுகுன்றத்தில் சுவாமி கொடுத்த பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் இறங்கித் தேடுகிறார். மனைவி பரவையாருக்குச் சிரிப்பு வருகிறது. வராதா? ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுகிறது என்று இன்றைக்கும் ஊர் சொல்கிறதே! பொன் கிடைத்தது. அதையும் உரைத்துப் பார்க்கிறார், மாற்றுக் குறைவு. பேசாமல் வாங்கிக்கொள்கிற ஆளா அவர்? சுவாமியிடமே முறைப்பட்டு மாற்றைச் சரியாக்கிக்கொண்டார்.

பயத்தோடு கும்பிடுகிறவனால் இப்படிப் பேச முடியாது. அளவில்லாத நேசம் இருக்கிற இடத்தில்தான் இந்தச் சிரிப்பு வரும். கோயிலுக்குள் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று யார் எங்களுக்குப் பழக்கினார்களோ தெரியாது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பழக்கவில்லை. அவர் சுந்தரர் கதையைச் சொல்லுகிற இடமெல்லாம் குறும்பு ஒளிந்திருக்கிறது.

இப்போது நெல்லுக்கு வருவோம். குண்டையூரில் ஒரு பெரியவர், வேளாளர், சுந்தரருக்குத் தவறாமல் நெல்லும் பருப்பும் அனுப்பி வந்தவர். மழை பொய்த்துவிட்டது. அனுப்ப ஒன்றுமில்லை. அந்த மனுஷர் தானும் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அன்று இரவு கனவிலே சுவாமி வந்து, "நெல் தந்தோம்" என்கிறார். விடிய எழும்பிப் பார்த்தால் வானம் மறைகிற அளவுக்கு நெல் மலை. ஓடிப்போய்ச் சுந்தரரிடம், "நெல் இருக்கிறது சுவாமி, மனுஷரால் தூக்கேலாது" என்று சொன்னார். சுந்தரர் வந்து பார்த்தார். நெல்லைக் கொடுத்த கடவுளுக்கு நன்றி சொன்னதோடு நின்றாரா? திருக்கோளிலிக்குப் போனார், இன்றைக்குத் திருக்குவளை என்கிறோமே, அந்த ஊர்தான். "நெல் தந்தீர், சரி. இதை ஏற்றிக்கொண்டு போக ஆள் தாரும்" என்று கேட்டார். எவ்வளவு உரிமை பாருங்கள்! சுவாமியும் பூதகணங்களை அனுப்பினார். இரவோடிரவாகத் திருவாரூர் முழுக்க நெல்.

காலையில் சனம் கதவைத் திறந்தால் வீதியில் காலடி வைக்க இடமில்லை. பரவையார் என்ன செய்தார்? நெல் அவருடைய வீட்டுக்கு வந்தது. களஞ்சியம் கட்டியிருக்கலாம். பூட்டுப் போட்டிருக்கலாம். அவர் பறையறைவிக்கிறார்: அவரவர் வீட்டு எல்லைக்குள் கிடக்கிற நெல்லை அவரவரே எடுத்துக்கொள்ளுங்கள். யார் அடியார், யார் வேண்டியவர் என்ற கேள்வியே அந்த அறிவிப்பில் இல்லை. நாயனார் கடவுளோடு விளையாடினார், ஊருக்குச் சோறு கிடைத்தது.

இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குத் தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயில்தான் மனத்தில் வரும். சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் வருவார். 1925 ஜனவரி 7 பிறந்த நாள். பண்டிதை, ஆசிரியை. பெண்பிள்ளை மேடையேறிப் புராணப் பிரசங்கம் செய்வது அருமையாக இருந்த காலத்தில், பெரியபுராணத்தையும் கந்தபுராணத்தையும் ஊரூராகவும் கடல் கடந்தும் கொண்டுபோனவர். திருமணம் செய்யவில்லை. ஐம்பதைக் கடந்த வயதில் இளைப்பாறினார். அதற்குமேல்தான் அவருடைய பெரிய வேலையே தொடங்கியது: 1977இல் ஆலய நிர்வாக சபையின் தலைமையை ஏற்றார்.

தேரும் இராஜகோபுரமும் எழுந்தன. அதெல்லாம் நீங்கள் அறிந்தது, தேர்த்திருவிழாவுக்குப் போகாத ஆட்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது கோயிலை ஒட்டி எழுந்த துர்க்காபுரம் மகளிர் இல்லம். தாய் தகப்பன் இல்லாத பெண்பிள்ளைகள், இருந்தும் வளர்க்க வழியில்லாத குடும்பத்துப் பிள்ளைகள், அம்மன் வாசலிலேயே சாப்பிட்டு, படித்து, பண்ணோடு தேவாரம் பாடி வளர்ந்தார்கள். செவ்வாய்க்கிழமை எலுமிச்சம்பழ விளக்கோடு நேர்த்திக்கு வருகிற சனம் உண்டியலில் போட்ட காசு, பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பிள்ளையின் கொப்பியும் சோறும் ஆனது. பரவையாரின் பறையொலி என் காதில் அங்கேதான் கேட்கிறது.

காலமும் இலேசான காலமா? 1990இல் போரால் வலிகாமம் வடக்குச் சனம் ஊரை விட்டு எழும்பியது. 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு அந்த வருஷங்களில் குறைவே இல்லை. அம்மையார் 2008 ஜூன் 15 வரை இருந்தார். போர் முடிந்தது அடுத்த வருஷம் மே மாதம். அந்த அமைதியை அவர் பார்க்காமல் போனதில் எனக்குத் தீராத ஆற்றாமை உண்டு.

கோயிலோடு பிள்ளைகளையும் பார்க்கிற இந்த வழி அம்மையார் புதிதாக வெட்டிய வாய்க்காலும் அல்ல. ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதற் பிரசங்கம் செய்தார். அடுத்த வருஷமே பள்ளிக்கூடம் தொடங்கினார். 1877இல் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்தார். பிரசங்கம், பள்ளிக்கூடம், கஞ்சி. எங்கள் ஊரில் ஒரு வாத்தியாரின் சைவம் இந்த மூன்றும் கூடியதாகவே இருந்திருக்கிறது. இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிட்ட கோயில்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒலிபெருக்கி இருக்கிறது, வாணவேடிக்கை இருக்கிறது, வீதியில் வகுப்பு இல்லை.

இந்தக் கூட்டத்தில் இளைப்பாறிய ரீச்சர்மாரும் வாத்தியார்மாரும் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பிள்ளை குழப்படி செய்தால் முதலில் கோபம் வந்து, பிறகு சிரிப்பு வருகிற முகங்கள். வகுப்பில் நீங்கள் சொன்ன பகிடியைப் பேரப்பிள்ளை கண்ட பழைய மாணவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தக் குரல் ஏன் வீட்டு விறாந்தையோடு நிற்க வேண்டும்? பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு இல்லங்கள் இருக்கின்றன. அங்கே சோறு கொடுக்க ஆள் வருகிறது. பிறந்தநாள், திவசம் என்று மாதக்கணக்கில் முன்பதிவு நடக்கிறது. பின்னேரம் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்க, கூட்டல் பிழைத்தால் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து சிரிக்க, ஒரு தேவாரத்தைக் கருத்தோடு விளங்கப்படுத்த ஆள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கோயில் மடத்தில் அறநெறி வகுப்பு இருக்கிறது. கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க இன்னும் வரவில்லை. பிரசங்கம் முடிந்ததும் போய்விடாதீர்கள் ரீச்சர், தேர்முட்டியடியில் நிற்பேன், எந்த நாள் வரலாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.