ஓ நெகட்டிவ் யாருக்கு?

ஓ நெகட்டிவ் ரத்தம் எல்லாருக்கும் பொருந்தும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அப்படியென்றால் அதை எல்லாருக்கும் கொடுத்துவிடலாமா?

கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் ரத்த வகைகளைப் பற்றி எழுதுவதற்கு முன், ரத்தம் ஏற்றுவது கிட்டத்தட்ட லாட்டரி மாதிரிதான். இன்று நோயாளியின் ஏ, பி, ஓ வகையையும் ஆர்எச் வகையையும் சோதித்து, ஏற்றப்போகும் ரத்தத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே ஏற்றுகிறார்கள். இதற்கு நேரம் பிடிக்கும். விபத்தில் சிக்கி ரத்தம் கொட்டக் கொட்ட வருபவருக்கு அந்த நேரம் இருக்காது. அப்போதுதான் சோதனை முடிவுக்குக் காத்திராமல் ஓ வகைப் பையை எடுக்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். நம் நாட்டில் ஆர்எச் நெகட்டிவ் மிகவும் அரிது. மலாய்க்காரர், சீனரிடையே நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்தியரிடையே நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருக்கிறார்கள். அதிலும் ஓ நெகட்டிவ் இன்னும் குறைவு. சேமித்த சிவப்பணுக்களும் ஆறு வாரத்துக்கு மேல் தாங்காது.

அதனால் பல நாடுகளில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் ஓ நெகட்டிவ் முதலில் சிறுமிகளுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும்; ஆண்களுக்கு ஓ பாசிட்டிவ். காரணம் இருக்கிறது. நெகட்டிவ் வகைப் பெண்ணுக்குப் பாசிட்டிவ் ரத்தம் ஏறினால், அவள் உடலில் எதிர்ப்பொருள் உருவாகலாம். பின்னாளில் அவள் வயிற்றில் வளரும் குழந்தையின் ரத்தத்தை அது தாக்கலாம்.

ஒரே விபத்தில் அடிபட்ட அண்ணனுக்கு ஒரு பை, தங்கைக்கு வேறொரு பை. அண்ணன் உயிர் என்ன மட்டமா என்று கேட்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பையும் உயிரைக் காக்கின்றன. தங்கைக்குக் கொடுக்கும் பை, இன்னும் பிறக்காத ஓர் உயிரையும் சேர்த்துக் காக்கிறது. எல்லாருக்கும் ஒன்றையே கொடுப்பது சமம். யாருக்கு எது இல்லாமல் முடியாதோ அதைக் கொடுப்பதுதான் நியாயம்.

அடுத்த கேள்வி நம்மைத் தொடும். இந்நாட்டு மக்கள்தொகையில் நாம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நெகட்டிவ் ரத்தம் உள்ளவர்களில் நம் பங்கு அதைவிடப் பெரிது. அதற்காக நெகட்டிவ் உள்ளவர் கொடுத்தே ஆக வேண்டுமா? கட்டாயப்படுத்தி வாங்கினால் அது தானமே இல்லை. என் உடம்பு, என் முடிவு. அதில் மறுபேச்சு இல்லை.

ஆனால் தன் ரத்த வகையே தெரியாதவர் என்ன முடிவு எடுப்பார்? "வேண்டாம்" என்று சொல்வதற்கும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? தெரிந்துகொள்வதாவது நம் கடமை என்று நினைக்கிறேன். கொடுப்பது அதற்குப் பிறகு மனசாட்சியின் வேலை.

பாலிக் புலாவில் இருக்கும் நமக்கு இது இன்னும் நெருக்கம். இங்கே மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பெரிய கேஸ் என்றால் மலைப்பாதை சுற்றி ஜார்ஜ்டவுன் போகணும். போய்ச் சேரும்போது அங்கே குளிர்பெட்டியில் ஒரு பை இருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர், யாருக்கு என்றே கேட்காமல், சில வாரத்துக்கு முன் கொடுத்துவிட்டுப் போன பை அது. வாங்குபவருக்கும் கொடுத்தவர் பெயர் தெரியாது. என்ன இனம், என்ன மதம் என்றும் தெரியாது.

தானத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அடுத்த முகாமுக்கு வரும்போது, உங்கள் வகை என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.