சுக்கானும் பொறுப்பும்

2017 ஓகஸ்ட் 21 அதிகாலை, சிங்கப்பூரை அண்மிய கடலிலே, அமெரிக்கப் போர்க்கப்பலான ‘யோன் எஸ். மக்கெயின்’ எண்ணெய்த்தாங்கிக் கப்பலொன்றுடன் மோதியது. 10 மாலுமிகள் மாண்டனர். சுக்கான் பழுதுறவில்லை. சுக்கானையும் வேகத்தையும் இருவர் பிரித்துக் கவனிக்குமாறு தளபதி பணித்தபோது, சுக்கானும் வேறொரு தொடுதிரைக்கு மாறிவிட்டது. மாறியதை எவரும் உணர்ந்திலர். சுக்கானையே இழந்ததாகக் கருதினர். வேகத்தைக் குறைக்க முற்பட்டபோது உந்துசுழலிகள் இரண்டனுள் ஒன்றே மெதுவாகியமையாற் கப்பல் இடப்புறம் திரும்பிற்று.

இங்கு எழும் வினா பொறியியலோடு அமைவதன்று. 2018 இல் தளபதி இராணுவ நீதிமன்றின் முன் கடமை தவறியமையை ஒப்புக்கொண்டார். ஆணையிடுபவனே பொறுப்பாளி என்பது கடலோடிகளின் பழைய நியதி. ஆயினும் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணை, போதிய பயிற்சியை உறுதிசெய்யாத கடற்படையின் மேற்பார்வைக் குறையையே முதற் காரணமாகக் கண்டது. திரையின் அமைப்பும் தவறுக்கு இடந்தந்தது என்றது. கற்பிக்கப்படாததை அறியாதவன் எவ்வளவுக்குக் குற்றவாளி? அவனைச் சுட்டுதல் எளிது. கருவியை வகுத்தோர், வாங்கியோர், பயிற்சியைச் சுருக்கியோர் எனப் பலர் உளர். அவருள் எவரும் அவ்விரவில் மேற்றளத்தில் நின்றாரல்லர். பலர்க்கும் பொதுவாவதாற் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை. கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

வருங்காலக் கப்பல்கள் இதனை மேலும் சிக்கலாக்கும். 2016 இல் சேவையிற் சேர்ந்த ‘சும்வோல்ற்’ 78 மெகாவாற் மின்னைப் பிறப்பிக்க வல்லது; ஆளணியோ முன்னைய நாசகாரிகளினதில் ஏறத்தாழப் பாதி. ஆள் குறையக் குறைய, எஞ்சியவன் தலையிலேயே பழி முழுவதும் விழும் (சிக்கனம் என்று இதனைச் சொல்வாருமுண்டு).

நெம்புகோலைத் தள்ளியவன் எவ்வளவு தள்ளினான் என்பதைக் கையாலேயே அறிவான். மாலுமிகளின் கருத்தைக் கேட்டறிந்த அக்கடற்படை, 2019 இல் தொடுதிரை வேகக் கட்டுப்பாட்டை அகற்றி, நெம்புகோல்களை மீண்டும் பொருத்தத் தீர்மானித்தது.